பெட்டியடி எங்கே? ஏழு பேர் கம்பெனிக்கு ஓர் இடம் தேடிய கதை

என் தங்கை மகன் ஒரு சின்னக் கம்பெனி நடத்துகிறான். மொத்தம் ஏழு பேர். கான்கிரீட்டுக்குள் புதைத்து வைக்கும் சென்சார் செய்கிறார்கள். பாலத்தூணுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டதா என்பதைத் தூணை உடைக்காமலே சொல்லும் கருவி அது. நான்கு வருடமாகக் காரைக்குடியில் அவன் அப்பச்சி வழி வீட்டில்தான் வேலை நடக்கிறது. முகப்பில் கணக்கு, பட்டாலையில் சாலிடரிங், அவன் ஐயா காலத்தில் கல்யாணப் பாத்திரம் அடுக்கியிருந்த இரண்டாங்கட்டு அறையில் மின்முனை வார்ப்பு. பங்காளிகள் இதுவரை முணுமுணுத்ததோடு சரி. இப்போது ஆர்டர் பெருகிவிட்டது, வீடு போதவில்லை. "அம்மான், வங்கியில் எத்தனையோ கம்பெனிகளின் கடன் மனுவைப் பார்த்தவர் நீங்கள். எங்கே போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று போன பொங்கலுக்கு வந்து உட்கார்ந்தான்.

கையில் நான்கு தாள்கள். சென்னை, கோவை, திருச்சி, இருக்கிற இடத்திலேயே இருப்பது. ஒவ்வொன்றிலும் வாடகை, சம்பளம், மின்கட்டணம் என்று மூன்று வரி எழுதியிருந்தான். மூன்று வரியிலும் காரைக்குடிக்குத்தான் வெற்றி. கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தால் எந்தக் கம்பெனியும் பெருநகரத்துக்குப் போயிருக்கக் கூடாது. ஆனால் போகிறார்கள். கொள்ளை வாடகை கொடுத்து, ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு போய் உட்காருகிறார்கள். அத்தனை பேரும் கணக்குத் தெரியாதவர்களாக இருக்க முடியாது. தாளில்தான் ஏதோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

முதலில் சரக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல கான்கிரீட்டில் காரம் மிகுதி, பி.எச். 12.5-ஐ ஒட்டி இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய படலம் ஒன்று உண்டாகி அதைக் காக்கிறது. கடற்காற்றின் உப்பிலிருந்து குளோரைடு மெல்ல ஊறிப்போய்க் கம்பியைத் தொடும்போது படலம் உடைந்து துரு தொடங்குகிறது. கம்பிக்கும் ஓர் ஒப்பீட்டு மின்முனைக்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்தை அளந்தால் இது தெரிந்துவிடும். தாமிரம், தாமிர சல்பேட் மின்முனையை வைத்து அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், அங்கே துரு வேலை செய்துகொண்டிருக்க நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு என்பது துறையில் வழக்கமான அளவுகோல். சூட்சுமம் முழுக்க அந்த மின்முனையில் இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் வருடக்கணக்கில் கிடந்தும் அது பிசகக் கூடாது. வாங்குகிறவர்கள் துறைமுகக்காரர்கள், பாலம் கட்டுகிறவர்கள், கடலோர மின்நிலையத்துக்காரர்கள்.

முதல் நாள் நான் காரைக்குடிக்குத்தான் கை தூக்கினேன். பிறந்த மண் என்ற பாசம் மட்டும் காரணம் இல்லை. மின்வேதியியலுக்கு இந்த நாட்டில் ஒரு தாய்வீடு உண்டென்றால் அது இந்த ஊர்தான். இங்கே மத்திய அரசின் ஆய்வகம் ஒன்று அமைய, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்று ஊரில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, எல்லோருக்கும் அது சிக்ரி. மின்கலம், முலாம் பூசுதல், துருத்தடுப்பு என்று எங்கள் பையனின் தொழிலுக்கு வேண்டிய அத்தனை அறிவும் ஒரே மதிலுக்குள். மண்டபத்தில் கடற்காற்றில் உலோகத்தைக் காயப்போட்டுச் சோதிக்கும் நிலையம் ஒன்றும் அதற்கு உண்டு. காலையில் காரில் கிளம்பினால் பதினொரு மணிக்குள் அங்கே போய்விடலாம். எங்கள் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அதைப் பற்றியும் ஒரு பெருமை உண்டு, ஆனால் மின்முனை வார்க்க எப்படியும் காய்ச்சி வடித்த வாலைவடி நீர்தான் வேண்டும் என்பதால் அதை வாதத்தில் சேர்க்கவில்லை.

என் பேச்சை முறித்தது அவன் கேட்ட ஒரு கேள்வி. "சிக்ரி வந்து எழுபது வருடம் தாண்டிவிட்டது, அம்மான். அதைச் சுற்றி ஏன் ஒரு பேட்டரித் தெருகூட முளைக்கவில்லை?"

எனக்குச் சுருக்கென்றது. யோசிக்க யோசிக்க அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. இங்கேயே பொறியியல் கல்லூரி 1952 முதல் இருக்கிறது, அழகப்பா பல்கலைக்கழகம் 1985-இல் வந்தது, சிக்ரியிலேயே மின்வேதியியல் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பு நடக்கிறது. படிக்கப் பிள்ளைகள் வருகிறார்கள், படித்து முடித்ததும் பெட்டியைக் கட்டுகிறார்கள். அதைவிட உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. லித்தியம் அயான் செல்லைச் செய்து காட்டும் கூடத்தைச் சிக்ரி அமைத்தது, 300 ஏக்கர் கிடக்கும் காரைக்குடியில் அல்ல, சென்னைத் தரமணியில் இருக்கும் தன் கிளையில். அந்தத் தொழில்நுட்பத்தை 2018-இல் பெற்ற தனியார் நிறுவனம் தொழிற்சாலைக்கு என்று சொன்ன இடம் கிருஷ்ணகிரி. தாய்வீடே தன் பிள்ளையைப் பட்டணத்தில் வைத்து வளர்க்கிறதென்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

காரணம் என்னவென்று புரிந்துகொள்ள, செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் நாம் வெளியே தேட வேண்டியதில்லை. நம் முன்னோர் கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடங்களை நினைத்தால் போதும். வானம் பார்த்த இந்த மண்ணில் ஆயிரம் ஜன்னல் வீடு கட்டினார்கள், ஆனால் தொழிலை ஒருவரும் இங்கே வைக்கவில்லை. ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கிட்டங்கி என்ற பொதுக் கூடத்தில் வைத்தார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரே நீளக் கூடத்தில் வரிசையாகப் பல கடைகள். ஒரு கடை என்றால் ஒரு பெட்டி, ஒரு தாழ்ந்த சாய்வு மேசை, உட்காரப் பாய், அவ்வளவுதான். அதற்குப் பெயர் பெட்டியடி. பக்கத்துப் பெட்டிக்காரர் போட்டியாளர், இருந்தும் அவரோடுதான் சாப்பாடு, மாடியில் அவர் பக்கத்தில்தான் படுக்கை. ஊரில் வளவும் முகப்புமாக விரிந்து கிடந்தவர்கள் அங்கே போய் ஏன் ஆறடி இடத்தில் முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்? தனித்தனியாகக் கடை எடுக்கப் பணம் இல்லாமலா?

யாருக்குக் கடன் கொடுத்தால் திரும்பும், எந்தச் சீனக் கடை ஆட்டம் காண்கிறது, எந்தக் கப்பலில் அரிசி வருகிறது என்பதெல்லாம் அந்தக் கூடத்தில் காற்றாக உலவியது. மாதத்துக்கு நடப்பு வட்டி எவ்வளவு என்பதைக் கோயிலில் கூடித்தான் நிர்ணயித்தார்கள். இரவில் ஒருவருக்குப் பணம் குறைந்தால் மறுநாள் காலை பக்கத்துப் பெட்டியிலிருந்து கைமாற்று. வேலை பழக வந்த பெட்டியடிப் பையன் தன் முதலாளியிடம் கற்றதில் பாதியை நான்காவது பெட்டியின் மேலாள் பேசுவதைக் கேட்டே கற்றான். இதைத்தான் தாளில் காணவில்லை. வாடகை என்ற வரியில் நாம் எழுதுவது சதுர அடிக்கு. கிட்டங்கியில் கொடுத்த வாடகை பக்கத்துப் பெட்டிக்கு.

இந்தக் கண்ணோடு சென்னையைப் பார்க்கப் போனோம். பல்லவன் ரயிலில் விடியற்காலை ஏறி நண்பகல் வாக்கில் எழும்பூர், அங்கிருந்து தரமணி. 2000-இல் டைடல் பார்க் வந்தது, 2010-இல் சென்னை ஐஐடியின் ஆராய்ச்சிப் பூங்கா வந்தது. கட்டுமானப் பொறியியல் ஆய்வு மையம் அங்கேதான், சிக்ரியின் சென்னைக் கிளையும் அங்கேதான். ஐஐடியில் கான்கிரீட்டுக்குள் துரு எப்படி ஓடுகிறது என்றே ஆயுளைச் செலவழிக்கும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். எல்லாமே ஆட்டோ தூரம். ஒரு கருத்தரங்கில் காபிக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவரிடம் எங்கள் பையன் தன் மின்முனை ஈரம் இழுப்பதைப் பற்றிப் புலம்பியிருக்கிறான். "எப்பாக்சியை ஊற்றுவதற்கு முன் உறையைச் சூடு காட்டினீர்களா?" என்று அவர் கேட்டாராம். மூன்று மாதம் தலையை உடைத்துக்கொண்ட சங்கதி, காபி ஆறுவதற்குள் முடிந்தது. அவர் யார் என்பதுகூட இவனுக்குத் தெரியாது.

ஆள் கிடைப்பது அடுத்தது. இதில்தான் காரைக்குடி தோற்றது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு சர்க்யூட்டுக்கு நிரல் எழுதும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தோம். வந்து பார்த்தார், வீட்டைப் பிடித்திருந்தது, ஆத்தங்குடிக் கல்லைத் தடவிப் பார்த்தார், சம்பளத்துக்கும் சம்மதம். கடைசியில் இரண்டு கேள்வி கேட்டார். "என் கணவர் சிப் வடிவமைப்பில் இருக்கிறார். அவருக்கு இங்கே என்ன வேலை கிடைக்கும்?" என்பது ஒன்று. "ஒருவேளை உங்கள் கம்பெனி மூடிவிட்டால் நான் இந்த ஊரில் வேறு எங்கே சேர்வது?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் எங்களிடம் பதில் இல்லை. பெருநகரத்தில் அந்தக் கேள்வியே எழாது. வேலைக்கு வருகிறவர் நம் கம்பெனியை மட்டும் நம்பி வருவதில்லை, நமக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் ஐம்பது கம்பெனிகளையும் நம்பித்தான் வருகிறார். இப்போது கணவன் மனைவி இருவரும் படித்து வேலைக்குப் போகிற வீடுகள் பெருகிவிட்டதால் இந்தப் பிடிப்பு இன்னும் இறுகியிருக்கிறது. சின்ன ஊரில் ஒரு வேலை கொடுத்தால் போதாது, இரண்டு வேலையும் ஒரு நல்ல பள்ளிக்கூடமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சாமான் விஷயம் வேறு மாதிரி வலி. சென்ற வருடம் ஒரு துறைமுகத்தில் கருவியைச் செய்து காட்ட நாள் குறித்திருந்தோம். நான்கு நாள் முன்பு ஒரு ஆம்ப்ளிஃபயர் சிப் எரிந்துவிட்டது. விலை இருநூறு ரூபாய்கூட இராது. கொரியரில் வரவழைத்தோம், பார்சல் வழியில் ஒரு கிடங்கில் இரண்டு நாள் தூங்கியது, நாள் தள்ளிப்போனது. அதற்குள் அவர்கள் வேறொருவரிடம் விலை கேட்டுவிட்டார்கள். சென்னையில் இருந்திருந்தால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு ஒருவரை அனுப்பி, மதியச் சாப்பாட்டுக்குள் சிப்பைக் கையில் வாங்கியிருப்போம்.

காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறதே என்று சிலர் அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். நாட்டில் நான்கே ஊர்களில் இருக்கும் அலுவலகம் என்பது உண்மைதான். ஆனால் விண்ணப்பம் எல்லாம் இணையத்தில் போட்டுக்கொள்ளலாம், நேரில் போய் நிற்க வேண்டியதில்லை. அந்த அலுவலகத்தைச் சுற்றிக் கூடியிருக்கும் வக்கீல்கள்தான் ஆதாயம். விமானநிலையம், துறைமுகம் பற்றி நீட்ட வேண்டாம், ஊரறிந்தது. எங்களுக்குப் பெரிது, வாங்குகிறவர்கள் அங்கே இருப்பது: சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்கள், தெற்கே கல்பாக்கம், ஊருக்குள் மெட்ரோ ரயில் பாலங்கள், மணப்பாக்கத்தில் எல் அண்டு டியின் கட்டுமானத் தலைமையகம். தூணுக்குக் கான்கிரீட் ஊற்றும் தேதி இரவோடு இரவாக மாறும். சென்சார் கம்பியில் கட்டப்பட்டிருக்க வேண்டும், ஊற்றியபின் உள்ளே நுழைக்க முடியாது. நாம் ரயில் பிடித்துப் போய்ச் சேரும்போது தூண் இறுகியிருக்கும்.

இத்தனை சொன்னதால் சென்னையைத் தலையில் வைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்த ஊர் என்ன பாடுபட்டது என்பதைப் பார்த்தோம். தரமணிக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு, அதைத் தூர்த்துக் கட்டியதன் வட்டியைத் தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்புறம், எந்தப் பக்கத்துப் பெட்டி நமக்கு ஆள் தருகிறதோ அதே பெட்டி நம் ஆளையும் இழுக்கும். இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்த பையன் அடுத்த கட்டடத்தின் லிஃப்டில் ஏறிவிடுவான். இது பெருநகரத்தின் குறை என்று எழுதப்போய், பிறகு அடித்துவிட்டேன். மேலே வரம் என்று சொன்னதும் இதே கதவுதான். நமக்கு ஆள் வரும்போது மட்டும் திறந்து, போகும்போது சாத்திக்கொள்ளும் கதவு எந்த ஊரிலும் இல்லை.

கோவைக்கு நான் தனி மரியாதை வைத்திருக்கிறேன். அந்த ஊர் யார் தானமும் இல்லாமல் தொழிலிலிருந்து தொழில் முளைத்த ஊர். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது, நூற்பாலைகள் பெருகின, ஆலை இயந்திரத்தைப் பழுது பார்க்கப் பட்டறைகள் வந்தன, பட்டறைக்காரர்கள் மோட்டாரும் பம்பும் செய்தார்கள், அதற்கு வார்ப்படச் சாலைகள் வந்தன. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல் வந்தபோது பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே பட்டறை காத்திருந்தது. பீளமேட்டுப் பக்கம் காலையில் வரைபடம் கொடுத்தால் சாயங்காலம் உருப்படி கையில் இருக்கும், அதோடு "இந்த மூலையை இப்படி மாற்றினால் விலை குறையும்" என்ற யோசனையும் இலவசம். எங்கள் சென்சாரின் எஃகு உறையை நான்கு வருடமாக அங்கேதான் கடைந்து வாங்குகிறோம். நாங்கள் பம்பு செய்கிறவர்களாக இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை, நேரே கோவைதான். ஆனால் உறையைப் பார்சலில் வரவழைத்துக்கொள்ளலாம், அதற்காகக் குடிபோக வேண்டாம். கோவைக்குக் கடல் கிடையாது, கடலோரத்துக்காரர்கள் அங்கே காபி வரிசையில் நிற்கவும் மாட்டார்கள்.

திருச்சி பக்கத்து ஊர், அதனால் ஆசை இருந்தது. என்.ஐ.டி. இருக்கிறது, விமானநிலையத்துக்குப் புது முனையம் வந்துவிட்டது. ஆனால் ஒரு வங்கிக்காரனாக எனக்கு அங்கே ஒரு பயம். 1965-இல் தொடங்கிய, பொதுத்துறை நிறுவனமான பெல்லின் கொதிகலன் ஆலையை நம்பித் துவாக்குடிப் பக்கம் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வந்தன. பெல்லுக்கு ஆர்டர் குறைந்தபோது அவை சேர்ந்து படுத்தன. வெளியிலிருந்து பார்க்கையில் அதுவும் ஒரு கூட்டம்தான், பல கம்பெனி ஒரே இடத்தில். ஆனால் கிட்டங்கி அல்ல, ஆலமரத்தடி. எல்லோரும் ஒரே கிளையைப் பிடித்துத் தொங்கும் இடத்தில் பக்கத்தில் இருப்பவரால் நமக்கு உதவி இல்லை, அவரும் நம்மோடுதான் விழுகிறார். பெருநகரம் என்று நான் சொல்வது ஆள் தொகையை வைத்து அல்ல. துறைமுகம் மந்தமானால் மெட்ரோ வாங்கும், மெட்ரோ நின்றால் மின்நிலையம் வாங்கும், அப்படிப் பல வகைத் தொழில் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே ஊரில் இருப்பதை வைத்து.

மதுரையைத் தங்கை சொன்னாள், மீனாட்சி இருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக. பெங்களூரு பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1909-இல் இந்திய அறிவியல் கழகம், 1940-இல் விமானத் தொழிற்சாலை, 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்று அது அடுக்கடுக்காக வளர்ந்த விதம் பொறாமைப்படத் தக்கது. ஒரு மென்பொருள் கம்பெனி என்றால் சென்னையோடு மல்லுக்கட்டும். உப்புக்காற்றை விற்றுப் பிழைக்கும் எங்களுக்கு மூவாயிரம் அடி உயரத்தில் என்ன வேலை?

"தென்காசியில் சோஹோ இல்லையா?" என்று எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் மடக்கினார். நியாயமான கேள்வி. மென்பொருள் கம்பெனியான சோஹோ 1996-இல் சென்னைப் பக்கம் தொடங்கி, வேரூன்றி, உலகம் முழுக்க வாடிக்கையாளரைப் பிடித்த பிறகுதான் 2011-இல் தென்காசி போனது. ரங்கூனில் சம்பாதித்துவிட்டு ஊரில் வீடு கட்டுவதுபோல. தவிர அவர்கள் சரக்கு கம்பியில் போகிறது, எங்கள் சரக்கு கான்கிரீட்டுக்குள் போகிறது. காரைக்குடிக்கும் மினி டைடல் பூங்கா என்று அரசு அறிவித்திருக்கிறது, ஊர் 2024-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. செட்டிநாட்டுப் பழைய விமானத் தளத்தில் விமானம் இறங்கப்போகிறது என்ற பேச்சோ என் காதில் விழாத வருடமே இல்லை. கட்டடம் வரட்டும், நல்லதுதான். ஆனால் கட்டடம் ஒரு பெட்டி. பக்கத்துப் பெட்டிகள் நிரம்பும்வரை முதலில் போய் உட்காருகிறவர் தனியாகத்தான் உட்கார வேண்டும், அதற்கு ஏழு பேர் கம்பெனிக்கு மூச்சு போதாது.

ஆகவே சென்னை என்று எழுதி முடித்திருப்பேன். கெடுத்தது மின்முனை வார்க்கும் அம்மாள். கோட்டையூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார், சிக்ரியில் தற்காலிக வேலையில் இருந்து பழகியவர். பசை பதமாகிவிட்டதா என்பதைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவார், கருவி வைத்து அளந்தாலும் அதே பதில்தான் வரும். "சென்னைக்கு எல்லோரும் போங்கள் தம்பி, எனக்கு மாடு கன்று இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அவர் இல்லாமல் கம்பெனி இல்லை என்பது அவரைத் தவிர எங்கள் எல்லோருக்கும் தெரியும். மின்முனைக்குப் பக்கத்துப் பெட்டியும் தேவையில்லை. அதற்கு வேண்டியது பொறுமையும், சிக்ரியில் சோதித்துத் தர ஆளும், மண்டபத்து உப்பும்.

அப்படித்தான் தாள் இரண்டாகக் கிழிந்தது. வார்ப்பும் சோதனையும் காரைக்குடியில், மூன்று பேர். சர்க்யூட், விற்பனை, கான்கிரீட் ஊற்றுகிற நாளில் ஓடிப்போய்க் கம்பியில் கட்டுவது எல்லாம் தரமணிப் பக்கம், நான்கு பேர், ஒரே அறை. இரண்டிடத்துச் செலவு கொஞ்சம் கூடும், அதை அறிந்தேதான் செய்கிறோம். கொண்டு விற்கப் போனவர்களுக்கு மூன்று வருடக் கணக்கு என்று அந்தக் காலத்தில் வைத்ததுபோல, போகிற நால்வருக்கும் மூன்று வருடம் என்று பேசியிருக்கிறோம். அதன்பின் கணக்கு முடித்துத் திரும்பலாம், அல்லது அங்கேயே பக்கத்துப் பெட்டிக்குப் போனாலும் கோபிக்க முடியாது. நான்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. இரண்டாங்கட்டு அறைக்கு இரண்டு டன் ஏ.சி. வந்து இறங்கியிருக்கிறது, அதைப் பங்காளிகளிடம் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டான்.